மேடையில் ஒலித்த பனுவல்: ஹார்லி கிரான்வில் பார்க்கரின் நாடக வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாடக மேடையின் போக்கை மாற்றியமைத்தவர்களுள் ஹார்லி கிரான்வில் பார்க்கர் (1877–1946) குறிப்பிடத்தக்கவர். நடிகர், நாடகாசிரியர், இயக்குநர், ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் என நான்கு நிலைகளில் இயங்கிய அவரது வாழ்வை, மேடையில் கழிந்த முற்பாதி என்றும் நூல்களுக்கிடையே கழிந்த பிற்பாதி என்றும் பிரித்து நோக்குவது வழக்கமாக உள்ளது. பிற்பாதியை அவர் மேடையைக் கைவிட்ட காலமாகக் கருதும் மதிப்பீடும் நிலவுகிறது. எழுதப்பட்ட சொல் நடிகரின் வாயில் உயிர்ப்புள்ள குரலாக மாறுவது எவ்வாறு என்னும் வினாவே அவ்விரு பாதிகளையும் இணைக்கும் இழை என்பதை இக்கட்டுரை அவரது வாழ்க்கை நிகழ்வுகள், படைப்புகள், மேடையாக்கங்கள் ஆகியவற்றின் வழி எடுத்துரைக்கிறது. அத்தொடர்ச்சியினூடே நேர்ந்த இழப்பும் இங்கு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்

கிரான்வில் பார்க்கர், ஆங்கில நாடகம், கோர்ட் அரங்கம், நாடகத் தணிக்கை, ஷேக்ஸ்பியர் மேடையாக்கம், தேசிய நாடக அரங்கம்.

முன்னுரை

நாடகம் எழுத்தில் பிறந்து குரலில் வாழும் கலை. ஏட்டில் கிடக்கும் உரையாடலை நடிகரின் மூச்சும் அசைவும் உயிர்ப்பிக்கின்றன. அவ்வுயிர்ப்பிற்கு ஒழுங்கு தருபவர் இயக்குநர். இன்று இயல்பாகத் தோன்றும் இயக்குநர் என்னும் பொறுப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை இங்கிலாந்தில் தனித்தொழிலாக நிலைபெறவில்லை. அரங்கத்தை நடத்தும் முதன்மை நடிகரே குழுவிற்குத் தலைவராகவும் மேடை அமைப்பை முடிவு செய்பவராகவும் விளங்கினார். ஹென்றி இர்விங், ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ முதலியோர் இம்மரபின் பெருந்தூண்கள். இம்முறையில் நாடகப் பனுவல் தலைமை நடிகரின் புகழுக்கேற்ப வெட்டப்பட்டது. ஏனைய நடிகர்கள் அவருக்குப் பின்னணியாயினர். வெற்றி பெற்ற நாடகம் மாதக் கணக்கில் ஒரே மேடையில் ஓடியது.

இம்மரபை மாற்றி, பனுவலுக்கும் நடிகர் குழுவிற்கும் முதன்மை தரும் இயக்குநர் மரபை நிலைநாட்டியவர் பார்க்கர். எனினும் நாற்பது வயதை எட்டுவதற்குள்ளாகவே அவர் மேடைத் தொழிலிலிருந்து விலகினார். அவ்விலகலை எவ்வாறு பொருள்கொள்வது என்பது அவரது வாழ்க்கையை ஆராய்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் வினாவாகும்.

1. குரலே முதற்கல்வி

பார்க்கர் 1877 நவம்பர் 25இல் லண்டனில் பிறந்தார். தந்தை ஆல்பர்ட் ஜேம்ஸ் பார்க்கர் கட்டடத் தொழில் சார்ந்தவர். தாய் மேரி எலிசபெத், இத்தாலிய மரபில் வந்த மருத்துவர் அகஸ்டஸ் பொட்சி கிரான்விலின் வழித்தோன்றல். அவர் செய்யுள்களை மேடையில் ஒப்புவிப்பதைத் தொழிலாகக் கொண்டவர். பறவைகளின் ஒலிகளைத் தம் குரலால் எழுப்பிக் காட்டுவதிலும் பெயர் பெற்றவர். குடும்பத்தின் வருவாய்க்கு அவரது கலை துணைநின்றது.

பார்க்கர் முறையான பள்ளிக் கல்வியைப் பெரிதும் பெறவில்லை. தாயின் நிகழ்ச்சிகளே அவருக்கு வகுப்பறையாயின. ஒரு செய்யுளடி எவ்விடத்தில் மூச்சுக்கு இடம் தருகிறது, எச்சொல்லில் அழுத்தம் விழுந்தால் பொருள் விளங்குகிறது, எவ்விடத்தில் குரல் தாழ வேண்டும் என்பனவற்றை அவர் காதால் கற்றார். இலக்கணமாகக் கற்பதற்கு முன்பே யாப்பை ஒலியாகக் கற்ற இவ்விளமை அனுபவம், பிற்காலத்தில் அவர் ஷேக்ஸ்பியரின் அடிகளை ஆராய்ந்த முறைக்கு அடித்தளமாயிற்று.

பதின்மூன்று வயதளவில், 1891இல், அவர் தொழில்முறை நடிகரானார். மார்கேட் நகரில் சாரா தோர்ன் நடத்திய நாடகக் குழுவில் பயிற்சி பெற்றார். மறு ஆண்டு லண்டன் மேடையில் தோன்றினார். 1895இல் பென் கிரீட் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று நடித்தபோது, பின்னாளில் தம் மனைவியாக அமைந்த லில்லா மெக்கார்த்தியுடன் இணைந்து பணியாற்றினார். நடிகருக்குரிய வாழ்வு அமைந்தும் அவருக்கு அன்றைய மேடையில் மனநிறைவு ஏற்படவில்லை. நடித்துக்கொண்டே நாடகங்கள் எழுதத் தொடங்கினார்.

2. 1899: இரு ஆசிரியர்கள்

பார்க்கரின் வாழ்வில் 1899ஆம் ஆண்டு திருப்புமுனையாகும். அவ்வாண்டு நவம்பரில் வில்லியம் போயெல் மேடையேற்றிய 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் அவர் தலைமைப் பாத்திரம் ஏற்றார். போயெல் எலிசபெத் காலத்து மேடை மரபை மீட்டெடுக்க முனைந்தவர். ஓவியத் திரைகளும் பெருஞ்செலவில் அமைக்கப்பட்ட மாளிகைகளும் ஷேக்ஸ்பியரின் சொற்களை மறைத்துவிட்டன என்பது அவர் கருத்து. வெற்று மேடையில், இடைவிடாது ஓடும் காட்சிகளாக, நாடகம் நிகழ வேண்டும் என அவர் வற்புறுத்தினார். நடிகர்களின் குரலுக்கு அவர் அளித்த பயிற்சி கடுமையானது. ஒவ்வொரு தொடருக்கும் உரிய ஏற்ற இறக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, நடிகரின் செவியில் அது பதியும்வரை அவர் விடவில்லை.

போயெலிடம் பார்க்கர் கற்றவை இரண்டு: மேடை வெறுமையாக இருந்தால் சொல் நிறைவாக ஒலிக்கும்; செய்யுள் விரைந்தும் தெளிந்தும் ஒலித்தால் பொருள் தானே விளங்கும். ஆயினும் ஆசிரியரின் பழமைப் பற்றை மாணவர் அப்படியே ஏற்கவில்லை. எலிசபெத் காலத்தை அருங்காட்சியகப் பொருள்போல மீண்டும் படைத்துக் காட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. அக்கால மேடையின் விதிகளைத் தம் காலத்து மேடையில் இயங்கவைப்பதே அவர் நாட்டமாக இருந்தது.

அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற மேடைக் கழகம், வணிக அரங்குகள் ஏற்க மறுத்த நாடகங்களை உறுப்பினர்களுக்காக நிகழ்த்தியது. பார்க்கர் அதில் மேட்டர்லிங்கின் குறுநாடகங்களை இயக்கினார். 1900இல் பெர்னார்ட் ஷாவின் 'கேண்டிடா' நாடகத்தில் இளங்கவிஞன் மார்ச்பேங்க்ஸ் பாத்திரத்தில் நடித்தார். இதன்வழி ஷா அவருக்கு இரண்டாவது ஆசிரியராகவும் நெருங்கிய நண்பராகவும் அமைந்தார். ஷாவைப் பின்பற்றி 1901இல் ஃபேபியன் கழகத்தில் இணைந்தார். நாடகம் சமூகச் சிந்தனைக்குரிய பொதுக்களம் என்னும் கருத்து இக்காலத்தில் அவரிடம் வலுப்பெற்றது. 1902இல் மேடைக் கழகம் அவரது 'ஆன் லீட்டின் திருமணம்' நாடகத்தை அரங்கேற்றியது.

3. கோர்ட் அரங்கம் (1904–1907)

திறமையுள்ள நாடகாசிரியர்கள் இருந்தும் அவர்தம் நாடகங்களுக்கு நிலையான அரங்கம் இல்லை என்பதைப் பார்க்கர் உணர்ந்தார். 1904இல் திறனாய்வாளர் வில்லியம் ஆர்ச்சருடன் சேர்ந்து தேசிய நாடக அரங்கத்திற்கான திட்டமொன்றை வகுத்தார். நடிகர் எண்ணிக்கை, ஊதியம், ஆண்டுச் செலவு, நாடகப் பட்டியல் என அனைத்தையும் கணக்கிட்டுக் காட்டிய அந்நூல் முதலில் தனிச்சுற்றுக்கு அச்சிடப்பட்டு, 1907இல் பொதுவில் வெளிவந்தது. ஒரே நாடகத்தை மாதக் கணக்கில் ஓட்டாமல், பல நாடகங்களைச் சுழற்சி முறையில் நிகழ்த்தும் நிலையான குழுவே அத்திட்டத்தின் மையமாகும்.

அத்திட்டம் நிறைவேறுவதற்குக் காத்திராமல் அதன் சிறு வடிவத்தை அவரே நடத்திக் காட்டினார். லண்டன் ஸ்லோன் சதுக்கத்திலிருந்த கோர்ட் அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை இயக்கித் தருமாறு அழைக்கப்பட்டபோது, 'கேண்டிடா'வைச் சில பிற்பகல்களில் நிகழ்த்த இசைய வேண்டும் என்னும் நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டார். அம்முயற்சி வெற்றி பெறவே, மேலாளர் ஜே. ஈ. வெட்ரெனுடன் கூட்டுச் சேர்ந்து 1904 அக்டோபரில் தொடர் நிகழ்வுகளைத் தொடங்கினார். முதல் நாடகம் கில்பர்ட் மர்ரியின் மொழிபெயர்ப்பில் அமைந்த யூரிப்பிடிசின் 'ஹிப்போலிட்டஸ்'. புதிய நாடகங்கள் பிற்பகல் காட்சிகளாக அறிமுகமாகி, வரவேற்புப் பெற்றவை மாலைக் காட்சிகளாக உயர்ந்தன.

1907 ஜூன் வரை அங்கு 17 ஆசிரியர்களின் 32 நாடகங்கள் 988 முறை நிகழ்த்தப்பெற்றன. அவற்றுள் 701 நிகழ்வுகள் ஷாவின் 11 நாடகங்களுக்குரியவை. ஷா இங்கிலாந்தின் முன்னணி நாடகாசிரியராகப் பொதுமக்களிடையே அறியப்பட்டது இவ்வரங்கின் வழியேயாகும். ஷாவுடன் நில்லாது, கால்ஸ்வொர்தியின் முதல் நாடகமான 'வெள்ளிப் பெட்டி', பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தை மேடைக்குக் கொணர்ந்த எலிசபெத் ராபின்சின் நாடகம், இப்சனின் படைப்புகள், யூரிப்பிடிசின் பிற நாடகங்கள் ஆகியனவும் அங்கு இடம்பெற்றன. பார்க்கர் 'மனிதனும் மீமனிதனும்' நாடகத்தில் ஜான் டேனராகவும், 'மேஜர் பார்பரா'வில் கிரேக்கப் பேராசிரியர் கசின்சாகவும், 'மருத்துவரின் குழப்பம்' நாடகத்தில் ஓவியர் டூபெடாட்டாகவும் நடித்தார்.

ஷாவின் நாடகங்களைப் பெரும்பாலும் ஷாவே இயக்கினார். ஏனையவை பார்க்கரின் பொறுப்பாயின. இருவர் முறைகளுக்குமிடையே இருந்த வேறுபாடு கருதத்தக்கது. ஷா இசைநாடகப் பயிற்சியில் ஊறியவர். நடிகர்களிடமிருந்து உரத்த, அகன்ற, வேகமான பேச்சை எதிர்பார்த்தார். பார்க்கர் தாழ்ந்த குரலையும், முற்றுப்பெறாத தொடர்களையும், பேச்சுக்கிடையே விழும் அமைதியையும் நாடினார். பாத்திரம் மேடைக்கு வருமுன் எங்கிருந்தது, என்ன நினைத்துக்கொண்டிருந்தது என நடிகர் அறிந்திருக்க வேண்டும் என்பது அவரது ஒத்திகைகளின் அடிப்படை. சிறிய பாத்திரத்திற்கும் அவர் இவ்வாறே உழைத்தார். ஒரு நாடகத்தில் தலைமை வேடம் ஏற்றவர் அடுத்த நாடகத்தில் சில வரிகளே பேசும் பாத்திரத்தை ஏற்பது அங்கு இயல்பாயிற்று. தனிநடிகர் புகழ் என்னும் பழைய அச்சாணி கழன்று, குழு என்னும் புதிய அமைப்பு அங்கு உருவானது.

4. நாடகாசிரியரும் தணிக்கையும்

பார்க்கரின் மூன்று நாடகங்கள் அவரது படைப்பாற்றலுக்குச் சான்றாக நிற்கின்றன. 1905இல் கோர்ட் அரங்கில் நிகழ்ந்த 'வாய்சியின் மரபுரிமை' முதலாவது. மதிப்பிற்குரிய வழக்குரைஞர் ஒருவர் தம்மை நம்பியோர் ஒப்படைத்த பணத்தைப் பல்லாண்டுகளாகக் கையாடி வந்துள்ளார். அவர் மறைந்தபின் அக்குற்றம் மகன் எட்வர்டுக்கு மரபுரிமையாக வருகிறது. உண்மையைச் சொன்னால் எளியோர் பணம் அழியும். மறைத்தால் தானும் குற்றவாளியாக வேண்டும். எளியோரின் பணத்தை முதலில் சிறிது சிறிதாக ஈடுசெய்யும் பொருட்டு அவன் அப்பொய்யையே தொடர்கிறான். உணவு மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருக்கும் பெரிய குடும்பத்தின் உரையாடல்வழி இவ்வறச்சிக்கல் விரிகிறது. பல குரல்கள் ஒன்றையொன்று இடைமறித்துச் செல்லும் அக்காட்சிகள், ஒத்திகை அறையை அறிந்த ஒருவரால் மட்டுமே எழுதத்தக்கவை.

இரண்டாவது 'வேஸ்ட்'. அரசியலில் உயர்ந்துவரும் ஹென்றி டிரெபெல், திருச்சபையை அரசிலிருந்து பிரிக்கும் சட்டத்தை உருவாக்குகிறார். அவருடன் உறவு கொண்ட மணமான பெண் ஒருத்தி சட்டத்திற்குப் புறம்பான கருக்கலைப்பால் இறக்கிறாள். செய்தி வெளிப்பட்டால் நேரும் விளைவை அஞ்சும் அரசியல் தலைவர்கள் அவரை ஒதுக்குகின்றனர். தம் பணி வீணானதை உணர்ந்த அவர் உயிரை மாய்த்துக்கொள்கிறார். 1907இல் இந்நாடகத்திற்கு அரசவைத் தணிக்கை அலுவலகம் உரிமம் மறுத்தது. கருக்கலைப்புப் பற்றிய குறிப்புகளை நீக்குமாறு கேட்கப்பட்டபோது பார்க்கர் இசையவில்லை. அக்குறிப்புகள் இன்றி நாடகத்திற்குப் பொருளில்லை. மேடைக் கழகம் தன் உறுப்பினர்களுக்காக அதை நிகழ்த்தியபோது டிரெபெல் வேடத்தை அவரே ஏற்றார்.

இம்மறுப்பு தனியொருவரின் துயராக முடியவில்லை. 1907 அக்டோபர் இறுதியில் எழுத்தாளர்கள் 71 பேர் கையொப்பமிட்ட எதிர்ப்புக் கடிதம் நாளிதழில் வெளியானது. தாமஸ் ஹார்டி, ஹென்றி ஜேம்ஸ், ஷா, கால்ஸ்வொர்தி முதலியோர் அதில் இடம்பெற்றனர். 1909இல் நாடாளுமன்றத்தின் ஈரவைக் கூட்டுக்குழு நாடகத் தணிக்கையை ஆராய்ந்தபோது பார்க்கர் அதன்முன் சான்றுரைத்தார். எனினும் சட்டம் மாறவில்லை. 'வேஸ்ட்' 1920இல்தான் உரிமம் பெற்றது. பார்க்கர் திருத்தி எழுதிய வடிவத்தில் 1936இல் பொது மேடையேறியது. மேடைத் தணிக்கையே 1968இல்தான் இங்கிலாந்தில் ஒழிந்தது.

மூன்றாவது நாடகமான 'மெட்ராஸ் ஹவுஸ்' 1910இல் அரங்கேறியது. பெயரால் சென்னையை நினைவூட்டினும் இந்நாடகத்திற்கும் இந்நகருக்கும் தொடர்பில்லை. மெட்ராஸ் என்பது இதில் ஒரு குடும்பத்தின் பெயர்; அக்குடும்பம் நிறுவிய பெண்கள் ஆடை நிறுவனமே தலைப்பாக அமைந்துள்ளது. மணமாகாது வீட்டில் அடைபட்டிருக்கும் ஆறு மகளிர், கடையிலேயே தங்கி உழைக்கும் பணிப்பெண்கள், வாங்குவோர் முன் ஆடையணிந்து நடந்துகாட்டும் அழகியர் எனப் பெண்ணைப் பண்டமாக்கும் சமூகத்தின் பல முகங்களை அது காட்டுகிறது. கதை ஒரு நேர்கோட்டில் செல்லாமல் ஒரே பொருளைப் பல கோணங்களில் விவாதிப்பதால் அன்றைய பார்வையாளர்களை அது பெரிதும் ஈர்க்கவில்லை.

இந்நாடகம் நிகழ்ந்த சார்லஸ் ஃபுரோமனின் சுழற்சி நாடகத் திட்டத்திலேயே கால்ஸ்வொர்தியின் 'நீதி'யையும் பார்க்கர் இயக்கினார். அதன் ஒரு காட்சியில் சொல்லே இல்லை. தனிச்சிறையில் அடைபட்ட இளைஞன், பக்கத்து அறைகளில் கைதிகள் கதவைத் தட்டும் ஓசை நெருங்கி வருவதைக் கேட்டு, தானும் கதவில் மோதத் தொடங்குகிறான். இந்நாடகம் எழுப்பிய உணர்வு அன்றைய உள்துறை அமைச்சர் சர்ச்சில் தனிச்சிறைக் காலத்தைக் குறைப்பதற்குத் தூண்டுதலாயிற்று. குரலை ஆள அறிந்த இயக்குநருக்கு அமைதியையும் ஆள முடிந்தது என்பதற்கு இது சான்றாகும்.

5. சவாய் அரங்கில் ஷேக்ஸ்பியர் (1912–1914)

போயெலிடம் பெற்ற கல்வியைப் பார்க்கர் தம் வழியில் நிறைவேற்றிய இடம் சவாய் அரங்கம். 1912 செப்டம்பரில் 'குளிர்காலக் கதை', நவம்பரில் 'பன்னிரண்டாம் இரவு', 1914 பிப்ரவரியில் 'நடுவேனில் இரவுக் கனவு' ஆகிய மூன்று மேடையாக்கங்கள் அங்கு நிகழ்ந்தன. லில்லா மெக்கார்த்தி இவற்றில் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றார். இருவரும் 1906இல் மணம் புரிந்திருந்தனர்.

அக்கால ஷேக்ஸ்பியர் மேடை காட்சிச் சிறப்பால் நிரம்பியது. ட்ரீயின் மேடையில் வனக்காட்சிக்கு உயிருள்ள முயல்கள் விடப்பட்டன. திரைகளை மாற்றும் நேரத்தை ஈடுசெய்யப் பனுவல் வெட்டப்பட்டது. காட்சிகளின் வரிசையும் மாற்றப்பட்டது. பார்க்கர் இதற்கு நேர்மாறாகச் செயல்பட்டார். இசைக்குழு அமர்ந்த பகுதியின்மேல் மேடையை முன்னோக்கி நீட்டி, நடிகரைப் பார்வையாளருக்கு அருகில் கொணர்ந்தார். மேடையின் விளிம்பு விளக்குகளை அகற்றி, மாடத்தின் முகப்பிலிருந்து ஒளி விழச் செய்தார். நார்மன் வில்கின்சன் வரைந்த எளிய, குறியீட்டுத் தன்மையுள்ள பின்னணிகளும் திரைச்சீலைகளும் காட்சிகள் தடையின்றி ஓட இடமளித்தன. பனுவல் ஏறத்தாழ முழுமையாகப் பேசப்பட்டது.

செய்யுளின் வேகமே பார்வையாளர்களை வியக்கவும் சினக்கவும் வைத்தது. நீட்டி முழக்கிப் பேசும் மரபில் பழகிய செவிகளுக்கு அவ்விரைவு புரியவில்லை. சொற்கள் சிதைவதாகச் சில திறனாய்வாளர்கள் குறைகூறினர். 'நடுவேனில் இரவுக் கனவு' மேடையாக்கத்தில் வழக்கமான மெண்டல்சன் இசையை விடுத்து, செசில் ஷார்ப் தொகுத்த ஆங்கில நாட்டுப்புற இசை பயன்படுத்தப்பட்டது. தேவதைகள் வெண்மெல்லாடையணிந்த சிறுமியராக இன்றிப் பொன்னிறம் பூசிய கீழைநாட்டுச் சிலைகள்போலத் தோன்றினர். அவர்களின் பொன்முகங்களே அன்று பெரும் விவாதப் பொருளாயின. காலப்போக்கில் விவாதம் ஓய்ந்தது. தடையற்ற காட்சியோட்டம், முழுமையான பனுவல், விரைந்த செய்யுட்பேச்சு என்னும் மூன்றும் ஆங்கில மேடையின் பொதுவழக்காயின.

6. விலகல்

1914இல் தொடங்கிய உலகப்போர் லண்டன் நாடக வாழ்வைக் குலைத்தது. 1915இல் பார்க்கர் நியூயார்க் நகரின் வாலக் அரங்கில் நாடகங்களை இயக்கினார். ஏல், ஹார்வர்ட் முதலிய பல்கலைக்கழகங்களின் திறந்தவெளி விளையாட்டரங்குகளில் யூரிப்பிடிசின் நாடகங்களையும் நிகழ்த்தினார். அப்பயணத்தின்போது எழுத்தாளர் ஹெலன் ஹண்டிங்டனைச் சந்தித்தார். லில்லாவுடனான மணவாழ்வு முறிந்தது. 1918இல் ஹெலனை மணந்தார். தம் பெயரின் இரு பகுதிகளையும் இணைப்புக்கோடிட்டு எழுதத் தொடங்கினார். ஷாவுடனான நீண்ட நட்பும் தேய்ந்தது.

ஹெலனின் செல்வமும் விருப்பமுமே அவரை மேடையிலிருந்து பிரித்தன என்பது நண்பர்கள் பலரின் மனக்குறை. இவ்விளக்கத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு, முழுமை இல்லை. விலகலுக்கான காரணங்கள் திருமணத்திற்கு முன்பே தோன்றியிருந்தன. 1907இல் கோர்ட் அரங்கிலிருந்து பெரிய சவாய் அரங்கிற்குப் பெயர்ந்தபோது ஏற்பட்ட இழப்பை ஷாவும் பார்க்கரும் தம் கைப்பொருளால் ஈடுசெய்தனர். 1910இன் சுழற்சித் திட்டம் சில மாதங்களில் நின்றது. 1913இல் புனித ஜேம்ஸ் அரங்கில் மேற்கொண்ட முயற்சியும் நீடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் குழுவை உருவாக்குவதும், அது வேரூன்றுமுன் பணமின்றிக் கலைவதுமாகவே அவரது உழைப்புக் கழிந்தது. போருக்கு முன்பே நடிப்பதைப் பெரும்பாலும் அவர் நிறுத்தியிருந்தார். நிலையான அரங்கம் இன்றி நிலையான கலை இல்லை என்னும் முடிவுக்கு அவர் வந்திருந்தார் எனக் கொள்வது பொருந்தும்.

விலகிய பின்னும் அரங்கம் பற்றிய சிந்தனையை அவர் விடவில்லை. பிரித்தானிய நாடக மன்றத்தின் தலைவராக 1919 முதல் 1932 வரை பணியாற்றினார். 1922இல் முன்மாதிரி அரங்கம் ஒன்றைப் பற்றி நூல் எழுதினார். 1930இல் தேசிய அரங்கத் திட்டத்தைப் புதுக்கி வெளியிட்டார். ஹெலனுடன் இணைந்து ஸ்பானிய நாடகங்களை மொழிபெயர்த்தார். 'மறைவாழ்வு' (1923), 'மாட்சிமை' (1928) என இரு முழுநீள நாடகங்களையும் இயற்றினார். அவ்விரண்டும் அவர் வாழ்நாளில் மேடையேறவில்லை. நடிகர் வாயில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பின்றி எழுதப்பட்ட அவற்றின் உரையாடல் மிக நுண்ணியது. ஒத்திகை அறையில் பெறும் தெளிவு அதற்கு வாய்க்கவில்லை. விலகலின் விலையை இந்நாடகங்களில் வெளிப்படையாகக் காணலாம்.

7. தாளில் நிகழ்ந்த ஒத்திகை

பார்க்கரின் பிற்காலப் பெரும்பணி ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு அவர் எழுதிய முன்னுரைகளாகும். 1923இல் தொடங்கிய பதிப்பு வரிசை ஒன்றிற்காக எழுதப்பட்டவை, பின்னர் விரிவாக்கப்பட்டு 1927 முதல் தொகுதிகளாக வெளிவந்தன. 1937இல் 'ஹாம்லெட்' தனித்தொகுதியாக வெளியாயிற்று. 'ஒத்தெல்லோ' 1945இலும், 'கோரியோலனஸ்' அவர் மறைவுக்குப் பின் 1947இலும் வெளிவந்தன.

இம்முன்னுரைகளின் தனித்தன்மை அவற்றின் நோக்குநிலையில் உள்ளது. அக்காலப் புலமையாளர் பலர் ஷேக்ஸ்பியரைக் கவிதையாகவோ தத்துவமாகவோ படித்தனர். பார்க்கர் ஒத்திகைக்கு ஆயத்தமாகும் இயக்குநரைப் போலப் படித்தார். இப்பாத்திரம் இங்கு மேடைக்கு வருவது ஏன்? இவ்வடி ஏன் பாதியில் முறிகிறது? இவ்விடத்தில் செய்யுள் உரைநடையாக மாறுவது நடிகருக்கு என்ன சொல்கிறது? இத்தகைய வினாக்களே அவரது ஆய்வின் முறை.

இதனை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தைப் பதிப்பாசிரியர்கள் 42 காட்சிகளாகத் துண்டித்து, அதன் கட்டமைப்பில் குறைகண்டனர். முதல் பெருந்தொகுதிப் பதிப்பில் அத்தகைய பிரிவினை இல்லை என்பதைச் சுட்டி, வெற்று மேடையில் தடையின்றி ஓடும்போது உரோமும் எகிப்தும் ஒன்றன்பின் ஒன்றாக மோதும் வேகமே அந்நாடகத்தின் கட்டமைப்பு எனப் பார்க்கர் காட்டினார். கிளியோபாட்ராவைச் சிறுவன் ஒருவன் நடித்த மேடையில் காதலைத் தழுவலால் காட்ட இயலாது. ஆகவே ஷேக்ஸ்பியர் அதனைப் பேச்சின் வளத்தால் படைத்தார் என்பதும் அவர் விளக்கமாகும்.

இரண்டாவது, தனிமொழி. பார்வையாளர் மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்க, நடுவே நீண்டிருக்கும் மேடையில் நடிகர் பேசும் தனிமொழி, தொலைவிலிருந்து கேட்கும் சொற்பொழிவாக அமையாது. அது அருகிலிருப்போரிடம் மனத்தைத் திறக்கும் அந்தரங்கப் பேச்சாகும். சவாய் அரங்கில் மேடையை முன்னோக்கி நீட்டியவரின் பட்டறிவு இவ்விளக்கத்தில் நேரடியாகச் செயல்படுகிறது.

மூன்றாவது, 'லியர் மன்னன்'. இந்நாடகம் நடிப்பதற்கு இயலாதது எனச் சார்லஸ் லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கருதினார். 1904இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் ஏ. சி. பிராட்லியும், இது மேடைக்கு அடங்காத பெரும்பொருள் என்னும் கருத்தை வலியுறுத்தினார். பார்க்கர் இவ்விருவரையும் மறுத்தார். புயற்காட்சியில் இயந்திர இடியோசையோடு நடிகர் போட்டியிடுவதால்தான் அக்காட்சி தோற்கிறது. ஷேக்ஸ்பியர் புயலை லியரின் சொற்களுக்குள்ளேயே வைத்துள்ளார். நடிகர் தம் குரலால் புயலும் ஆகிறார், அப்புயலில் அலைக்கழியும் முதியவரும் ஆகிறார். மனித ஒலியே காட்சியாக மாறும் இவ்விளக்கத்தைப் படிக்கையில், பறவையொலியால் ஒரு தோப்பையே அரங்கில் எழுப்பிக் காட்டிய தாயின் கலை நினைவுக்கு வருவது இயல்பு.

8. இறுதி ஆண்டுகள்

தாளில் எழுதிய அவ்விளக்கத்தை மேடையில் சோதிக்கும் வாய்ப்பு ஒருமுறை வாய்த்தது. 1940 ஏப்ரலில் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஜான் கீல்குட் லியராக நடித்தார். இயக்குநர் பொறுப்பை லூயிஸ் காசன் ஏற்றார். பார்க்கரின் முன்னுரையே அம்மேடையாக்கத்திற்கு அடிப்படை. அப்போது பாரிசில் வாழ்ந்த பார்க்கர் லண்டனுக்கு வந்து ஏறத்தாழப் பத்து நாள் நடிகர்களுடன் உழைத்தார். ஒவ்வொரு அடியிலும் குரலின் நிறம், வேகம், மூச்சு ஆகியவற்றை அவர் திருத்தினார். அவ்வொத்திகைகளைத் தம் கலைவாழ்வின் பெரும்பேறாகக் கீல்குட் பின்னாளில் போற்றினார். ஆயினும் இயக்குநராகத் தம் பெயர் அறிவிக்கப்படுவதைப் பார்க்கர் விரும்பவில்லை. முதற்காட்சிக்கு முன்பே பாரிசுக்குத் திரும்பினார். கால் நூற்றாண்டு விலகியிருந்தும் அவரது கைத்திறன் குன்றவில்லை என்பதை அப்பத்து நாள்கள் காட்டின. அதனாலேயே இழப்பின் அளவும் அப்போது புலப்பட்டது.

அவ்வாண்டு ஜூனில் ஜெர்மானியப் படைகள் பாரிசில் நுழைந்தன. பார்க்கர் இணையர் அமெரிக்காவிற்குப் பெயர்ந்தனர். நியூயார்க்கில் பிரித்தானியச் செய்திப் பணியில் ஈடுபட்ட அவர், ஹார்வர்டில் விரிவுரைகளும் ஆற்றினார். போர் முடிந்தபின் ஐரோப்பா திரும்பி, 1946 ஆகஸ்ட் 31இல் பாரிசில் காலமானார்.

அவர் 1904இல் கணக்கிட்டுக் காட்டிய தேசிய நாடக அரங்கம் 1963 அக்டோபரில் 'ஹாம்லெட்' நாடகத்துடன் தன் பணியைத் தொடங்கியது. அவ்வரங்கிலேயே 1977இல் 'மெட்ராஸ் ஹவுஸ்', 1989இல் 'வாய்சியின் மரபுரிமை' ஆகியன நிகழ்ந்தன. நாடகங்களை எழுதியவரும் அரங்கத்திற்குத் திட்டம் வகுத்தவரும் ஒருவரே. இரண்டும் ஒன்று சேர்ந்ததைக் காண அவர் இருக்கவில்லை.

முடிவுரை

கிரான்வில் பார்க்கரின் வாழ்வை மேடை, நூல் என இரண்டாகப் பிரிப்பது வசதிக்குரியதேயன்றி முழுப்பொருத்தமுடையதன்று. தாயின் செய்யுள் ஒப்புவிப்பு, போயெலின் குரற்பயிற்சி, கோர்ட் அரங்கின் தாழ்ந்த உரையாடல், சவாயின் விரைந்த செய்யுள், முன்னுரைகளின் நுட்பமான அடியாய்வு ஆகியன ஒரே வினாவின் படிநிலைகளாகும். பனுவல் கண்ணுக்குரியதாக எழுதப்பட்டிருப்பினும் செவிக்குரியதாகப் படைக்கப்பட்டது என்னும் தெளிவே அவர் நாடக ஆய்வுக்கு விட்டுச்சென்ற கொடை. ஷேக்ஸ்பியரைப் புலமையாளரும் நடிகரும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்க வழிசெய்தவை அவரது முன்னுரைகளே.

ஆயினும் தொடர்ச்சியை நிறுவுவதால் இழப்பு இல்லையென்றாகிவிடாது. முன்னுரைகள் அச்சில் நிலைத்தன. அவற்றை எழுதிய கையால் உருவாகியிருக்க வேண்டிய மேடையாக்கங்கள் நிகழவே இல்லை. அறிவு ஏட்டில் சேமிக்கப்படும். ஒத்திகை அறையில் ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுத்தரும் கைத்திறன் அவ்வாறு சேமிக்கப்படுவதில்லை. அதற்கு நிலையான குழுவும் நிலையான அரங்கமும் வேண்டும். இருபத்தேழாவது வயதிலேயே அதனை உணர்ந்து, செலவுக் கணக்குடன் எழுதிவைத்தவர் பார்க்கர். அவருக்குரிய காலத்தில் அவ்வரங்கம் எழுந்திருப்பின், அவர் வாழ்வை இரு பாதிகளாகப் பிரித்துப் பேசும் தேவை எழுந்திராது.